கோவித்துக்கொண்டு போனவர்கள்

லூர்துமாதா குடியிருப்பில் நிச்சயதார்த்த விருந்து சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்துபோனது என்று முதலில் தகவல் வந்தபோது, ராமநாதபுரம் சுகாதார அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிச்சயதார்த்தத்தில் முகம் சிவப்பது வழக்கம்தானே என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை ஒரு தொலைக்காட்சியில் 'பாம்பன் அருகே மர்மக் காய்ச்சல்' என்று எழுத்து ஓடிய பிறகுதான் சிரிப்பு நின்றது. துணை இயக்குநரின் அறைக்குள்ளிருந்து, அந்த ஃபெல்லோவைக் கூப்பிடுங்கள் என்று குரல் வந்தது.

ஃபெல்லோ என்றது நாகலெட்சுமியை. அபிராமத்துப் பெண். பல் மருத்துவம் படித்துவிட்டு, அதற்கு மேல் பொதுச் சுகாதாரமும் படித்தவள். நோய்கள் எங்கிருந்து கிளம்பி எப்படிப் பரவுகின்றன என்று துப்பறிவதற்கான பயிற்சிப் பணியில் சமீபத்தில்தான் சேர்ந்திருந்தாள். அந்தப் பணிக்குப் பெயர்தான் ஃபெல்லோ. அது என்ன உத்தியோகம் என்று அபிராமத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் அவள் அம்மா, கலெக்டருக்கு அடுத்த இடம் என்று சொல்லி வைத்திருந்தாள். கலெக்டருக்கு அடுத்த இடத்தில் இருந்தவள் இதுவரை செய்ததெல்லாம் டெங்கு எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுதான். களத்தில் இறங்கித் துப்பறிய இதுவே முதல் வாய்ப்பு. பஸ்ஸில் பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது கடலைப் பார்க்கக்கூடத் தோன்றாமல் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனாள்.

பாம்பனில் சுகாதார ஆய்வாளர் முனீஸ்வரன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். பின்சீட்டில் பாதியைப் பிளீச்சிங் பவுடர் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தது. முனீஸ்வரன் நல்ல மனிதர், உழைப்பாளி. எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. வயிற்றுப்போக்கு என்றாலும் பவுடர், கொசு என்றாலும் பவுடர். ஒரு முறை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பேன் தொல்லை என்று புகார் வந்தபோது அவர் கை மூட்டைப் பக்கம் போனதாகவும் தலைமையாசிரியை தடுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். நாகலெட்சுமி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குடியிருப்புக்குப் போனால் நோயாளி என்று சொல்ல ஒருவரும் இல்லை. முந்தைய நாள் மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையாகப் படுத்து அலர்ஜி ஊசி போட்டுக்கொண்டவர்களெல்லாம் இப்போது வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. இருந்ததும் இல்லை. பந்தி முடிந்த கொஞ்ச நேரத்தில் முகமும் காதும் கழுத்தும் தீப்பிடித்த மாதிரி எரிந்து சிவந்ததாம். நெஞ்சு படபடத்ததாம். தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. சிலருக்கு வாந்தி. மிளகைக் கடித்த மாதிரி நாக்கு சுரீர் என்றதாகவும் சிலர் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் ஒரு அம்மாள் வாயைத் திறந்து, பல் டாக்டர் என்று முனீஸ்வரன் சார் சொன்னாரே, இந்தக் கடைவாய்ப் பல்லையும் பாருங்கள் என்றாள். நாகலெட்சுமி அதையும் பார்த்தாள்.

அவளுக்குச் சந்தேகம் அப்போதே தட்டியது. படிப்பில் அரைப்பக்கத்துக்கு வந்த சங்கதி. சூரை மாதிரியான சில மீன்கள் வெயிலில் கிடந்தால் உள்ளே ஒரு விஷம் ஊறும். தின்றவர்களுக்கு இதே சிவப்பு, இதே அரிப்பு, இதே படபடப்பு வரும். ஒரு நாளில் தானாகவே சரியாகிவிடும். விருந்தில் சூரை மீன் வறுவல் போட்டார்களா என்று கேட்டாள். போட்டார்கள் என்றார்கள். ஆனால் மீனவக் குடியிருப்புக்குள் நின்றுகொண்டு, உங்கள் மீன் சரியில்லை என்று அபிராமத்துப் பெண் ஒருத்தி எப்படிச் சொல்வது? அவளுக்குச் சீலாவுக்கும் சூரைக்கும் வித்தியாசம் தெரியாது. அவள் ஊரில் மீன் என்றால் வெள்ளிக்கிழமை சந்தைக்கு வருவது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை ஆன்டோவின் தகப்பன் யேசுதாஸிடம் மிகவும் பக்குவமாகத்தான் பேச்சை எடுத்தாள். அவர் விசைப்படகு வைத்திருப்பவர். விருந்துக்கான மீன் அவர் படகிலிருந்தே வந்தது. மீன் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் அவர் முகம் சிவந்தது. அது நோயில்லை.

"மேடம், நான் கடல்ல பொறந்தவன். மீனு கெட்டிருந்தா தெரு முனையில வரும்போதே எனக்கு மூக்குல அடிச்சிரும். அன்னைக்குக் காலையில கரை ஏறுன சூரை அது. கண்ணு கண்ணாடியாட்டம் இருந்துச்சு. நீங்க போயி அந்த ஐஸ்கிரீமைப் பாருங்க."

ஐஸ்கிரீம் கொண்டுவந்தது பெண் வீடு. பெண் ஆஸ்லினின் அம்மா லீமாரோஸ் தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருப்பவள். கணவர் குவைத்தில் இருந்ததால் வீட்டின் எல்லா வழக்கையும் தனியாக நடத்திப் பழகியவள். இந்த வழக்குக்கும் தயாராகவே இருந்தாள். மிஞ்சிய ஐஸ்கிரீமில் ஒரு டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டி, சாவியைச் சிலுவையோடு சேர்த்துக் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்தாள். மெட்ராஸுக்கு அனுப்புங்கள், டெல்லிக்கு அனுப்புங்கள், எங்கள் ஐஸ்கிரீமில் ஒன்றும் இருக்காது என்றாள். நாகலெட்சுமி சாம்பிள் எடுத்துக்கொண்டாள். மீனில்தான் சாம்பிள் கிடைக்கவில்லை. தலையும் முள்ளுமாக மிஞ்சியதையெல்லாம் அன்றே யேசுதாஸ் கோபத்தில் கடலில் கொட்டிவிட்டார்.

இடையில் கல்யாணம் தொங்கலில் கிடந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று பங்குத்தந்தை கோயிலில் அறிவிப்பதுதான் ஓலை. இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் பங்குத்தந்தையிடம் போய், வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். மெடிக்கல் ரிப்போர்ட் வரட்டும், யார்மேல் குற்றம் என்று தெரிந்துகொண்டு பேசுவோம் என்று பங்குத்தந்தை சமாளித்து வைத்திருந்தார். ஆக ஒரு கல்யாணமே தன் ரிப்போர்ட்டை நம்பி நிற்கிறது என்று நாகலெட்சுமிக்குத் தெரிந்தபோது, டெங்கு எண்ணிக்கை ஏற்றுவது எவ்வளவு நிம்மதியான வேலை என்று தோன்றியது.

அன்று பகல் முழுவதும் வீடு வீடாகப் போய், யார் எதைச் சாப்பிட்டார்கள், யாருக்கு என்ன ஆனது என்று விசாரித்தாள். சாயங்காலம் கோயில் படியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது அழுகை வந்தது. நோய் வந்தவர்கள் பிரியாணி, மீன் வறுவல், ஐஸ்கிரீம் மூன்றையும் சாப்பிட்டிருந்தார்கள். நோய் வராதவர்களும் மூன்றையும் சாப்பிட்டிருந்தார்கள். ஒன்றைச் சாப்பிட்டவர்களையும் அதை விட்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் குற்றவாளி சிக்கும். ஓசி விருந்தில் எதையாவது விட்டுவிட்டு எழுந்தவனை எங்கே போய்த் தேடுவது?

அப்போதுதான் அவளுக்குத் தன் ஊர்க் கல்யாணங்கள் நினைவுக்கு வந்தன. அபிராமத்தில் அவள் பார்த்த எந்தக் கல்யாணத்திலும் ஒருவராவது பாதிப் பந்தியில் இலையை விட்டு எழுந்து போகாமல் இருந்ததில்லை. நேரே லீமாரோஸ் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, அன்னைக்கு விருந்துல யாராச்சும் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனாகளா?"

லீமாரோஸ் அவளை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தாள். உட்காரச் சொல்லி, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து நாகலெட்சுமி கோவித்துக்கொண்டவர்களின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். இப்படி ஒரு வரவேற்பு அரசாங்க ஊழியர் யாருக்கும் அந்தக் கரையில் கிடைத்திருக்காது. தாங்கள் ஏன் கோவித்துக்கொண்டோம் என்று ஒரு ஆளாவது வந்து கேட்கமாட்டாரா என்று ஒவ்வொருவரும் ஏங்கிக் கிடந்தார்கள். கேட்க வந்ததோ அடையாள அட்டை மாட்டிய பெண். டீ வந்தது, முறுக்கு வந்தது. பிறகு கதை வந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் பிரியாணியைச் சாப்பிட்டு முடித்து வறுவலுக்குக் காத்திருந்தபோது வீடியோக்காரன் வந்திருக்கிறான். பக்கத்து இலைவரை படம் பிடித்துவிட்டு, சரியாக இவர் முகத்துக்கு வரும்போது விளக்கை அணைத்துவிட்டான். எழுந்துவிட்டார். போகிற வழியில் ஐஸ்கிரீமைப் பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கி, நடந்துகொண்டே தானே தின்றும்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண்ணின் சின்னம்மா ஒருத்தியைச் சின்னப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பிரியாணியும் வறுவலும் சாப்பிடும்வரை பொறுத்திருந்தவள், ஐஸ்கிரீம் கப்பும் சின்னதாக வந்தபோது எழுந்துவிட்டாள். அவளுக்கு முகம் சிவந்திருந்தது. ஒவ்வொருவரும் மனதில் இருந்ததைக் கொட்டி முடித்த பிறகு, எந்த ஐட்டம்வரை சாப்பிட்டீர்கள் என்று நாகலெட்சுமி மெல்லக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். ஒரு பெரியவர், இதற்கு அரசாங்கம் நடவடிக்கை எடுக்குமா என்று கேட்டார். பரிசீலிப்போம் என்று முனீஸ்வரன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

ஒரு கோபக்காரருக்கு மற்றக் கோபக்காரர்களை நன்றாகத் தெரிந்திருந்தது. அவனுக்கென்ன கோபம், இன்னார் பட்ட அவமானத்துக்கு முன்னால் அதெல்லாம் தூசு என்று ஒருவர் அடுத்தவர் வீட்டுக்கு வழி காட்டினார். கூட்டிப் பார்த்தால் கணக்கு அழகாகப் பிரிந்து வந்தது. மீனுக்கு முன்னால் எழுந்தவர்களில் ஒருவருக்கும் நோயில்லை. மீனுக்குப் பிறகு எழுந்தவர்களில் பலருக்கு இருந்தது. பிரியாணியும் ஐஸ்கிரீமும் இரண்டு பக்கமும் இருந்தன. நாகலெட்சுமிக்கு நடையிலே ஒரு துள்ளல் வந்துவிட்டது.

எல்லாரும் கடைசியாகக் காட்டிய வீடு ஸ்டனிஸ்லாஸுடையது. அவர் ஆன்டோவின் தாய்மாமன். நிச்சயதார்த்தத்துக்காகத் தெருமுனையில் வைத்த பெரிய ஃபிளெக்ஸ் பேனரில் ஆன்டோவின் நண்பர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒரு நண்பன் தூக்கி வைத்திருந்த நாய்க்குட்டியும் இருந்தது. தாய்மாமன் இல்லை. விருந்தன்று மதியமே வந்து சேர்ந்த ஸ்டனிஸ்லாஸ் பேனரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாகவும் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய், சமையல் கொட்டகைக்குப் பின்னால் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அக்காள் வந்து ஒரு தரம் கூப்பிட்டாள். மாட்டேன் என்றார். இன்னும் இரண்டு தரமாவது கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தார். விருந்து வேலையில் அதை மறந்துவிட்டார்கள். அந்தியில் எழுந்து, இந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். ஊரே அதைக் கேட்டது.

ஒன்றுமே சாப்பிடாத ஆள் என்பதால் அவர் வீட்டில் அதிக வேலை இருக்காது என்றுதான் நாகலெட்சுமி போனாள். அவர் வீட்டில் இல்லை, மனைவி இருந்தாள். உங்கள் வீட்டில் யாருக்கும் முகம் சிவக்கவில்லையே என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தாள்.

"அவருக்குச் செவந்துச்சே. காது மடலு வரைக்கும் செவந்து போயித்தான் வந்தாரு. கோவத்துல செவந்திருக்காருன்னு நான் கிட்டக்கவே போகலை."

அன்றிரவு முழுவதும் உடம்பைச் சொறிந்துகொண்டே கிடந்தாராம். கொசுவென்று நினைத்துப் போர்வையை இழுத்து விட்டாளாம்.

நாகலெட்சுமிக்குக் காலுக்குக் கீழே மணல் நகர்ந்த மாதிரி இருந்தது. ஒன்றுமே சாப்பிடாதவருக்கு நோய் வந்திருக்கிறது என்றால் மீனுமில்லை, சாப்பாடே இல்லை. முனீஸ்வரன் முகத்திலோ தெளிவு பிறந்தது.

"பாத்தீங்களா மேடம். சாப்பிடாத ஆளுக்கும் வந்திருக்கு. அப்பக் காத்து, இல்லைன்னா தண்ணி. நான் பவுடரைப் போட்டுர்றேன்."

போட்டும்விட்டார். அன்று மாலைக்குள் அந்தத் தெருவே பொங்கல் கோலம் போட்ட மாதிரி வெள்ளையாகிவிட்டது. நாகலெட்சுமி துணை இயக்குநரிடம் போனில் சொன்னாள். சாப்பிடாதவருக்கும் வந்திருப்பது உண்மையென்றால் தொற்று என்று மேலே சொல்லியாக வேண்டும், சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள், கரையில் மீன் ஏலத்தைக்கூட நிறுத்தச் சொல்லலாம், நன்றாக விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார் அவர்.

மறுநாள் காலை நாகலெட்சுமி தனியாகவே போனாள். ஸ்டனிஸ்லாஸ் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தன் நாட்டுப்படகுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை. அவள் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது. பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஊரே சாட்சி.

முகம் ஏன் சிவந்தது என்று கேட்டாள். மனுஷனுக்கு ரோஷம் இருந்தால் சிவக்கும் என்றார். அரிப்பு? அதற்கு அவர் பெயின்ட் டப்பாவைக் கலக்க ஆரம்பித்துவிட்டார். நாகலெட்சுமி மணலில் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் சாப்பிடவில்லை என்பது உண்மையென்றால் இது ஒட்டுகிற நோய் என்று ஆகும். ஏலம் நிற்கும். கல்யாணமும் நிற்கும். அவர் எதையாவது தொட்டிருந்தால் சொல்வதில் தவறில்லை, வெளியே யாருக்கும் தெரியாது. தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு கடைசியில் இதையும் சொன்னாள்:

"உங்க பேரு எங்கயும் வராதுண்ணே. வெறும் நம்பர்தான் போடுவேன்."

பிரஷ் நின்றது.

"எங்கயும் வராதா?"

"எங்கயும் வராது."

"அங்கனயும் போடலை. இங்கனயும் போட மாட்டீங்க. அப்படித்தான?"

எந்த இடத்தில் கை வைத்துவிட்டோம் என்று நாகலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு படகின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார். அவளும் சுற்றிக்கொண்டு போனாள். ரகசியம் காப்பதைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரகசியமாக இருக்க மறுப்பவரை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

"அண்ணே, மத்தவங்க எல்லாரும் எல்லாத்தையும் கலந்து சாப்பிட்டாக. அவங்க சொல்லி ஒண்ணும் வெளங்கலை. ஒண்ணை மட்டும் தொட்டவரு ஒருத்தர் இருந்தாப் போதும். ஊரே சொல்றதைவிட அவரு சொல்றதுதான் பெருசு."

ஸ்டனிஸ்லாஸ் பிரஷைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரையே விடவா?"

"ஊரையே விட."

அவர் கரையை மேலும் கீழும் பார்த்தார். காதுக்கெட்டும் தூரத்தில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"வறுவல் மட்டும். மத்த எதையும் தொடலை, மாதா மேல ஆணை."

மதியத்திலிருந்து பட்டினி. முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிச் சட்டியில் மீன் பொரிகிறது. சமையல் கொட்டகைத் தார்ப்பாயில் ஒரு கிழிசல். கை போகிற அளவுக் கிழிசல். திரும்பாமலே, கடலைப் பார்த்தபடியே, கையை மட்டும் பின்னால் விட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்ததாகச் சொன்னார். கடலைப் பார்த்த முகம் திரும்பாததால் கோபம் முறிந்ததாக அர்த்தமில்லை என்றும் விளக்கினார். நாகலெட்சுமி சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். அது அன்று அவள் செய்த வேலையிலேயே கடினமானது.

மீனுக்கு என்ன குறை என்று அவரே தொடர்ந்தார். அருமையான மீன். காலையிலிருந்து ஐஸில்தான் கிடந்தது.

"மத்தியானம்தான் ஆன்டோ வந்து, என் கண்ணு முன்னாலயே, பெட்டியில இருந்த ஐஸ் அம்புட்டையும் அள்ளிட்டுப் போனான்."

அவள் பேனா நின்றுவிட்டது.

ஆன்டோவைத் தேடிப் பிடித்தது ஐஸ் ஃபாக்டரிக்குப் பக்கத்தில். ஒல்லியான, எதற்கெடுத்தாலும் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்ளும் பையன். அவள் ஐஸ் என்றதுமே முகம் வெளிறிவிட்டது. மறைக்கத் தெரியாதவன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மதியம் கரண்ட் போய்விட்டது. பெண் வீட்டார் கொண்டுவந்த ஐஸ்கிரீம் பெட்டி உருக ஆரம்பித்தது. ஒரு ஐஸ்கிரீமைக்கூடப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாத வீடு என்று வருங்கால மாமியார் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டாள். அவன் ஓடிப்போய் மீன் பெட்டியிலிருந்த ஐஸை இரண்டு கையாலும் வாரிக்கொண்டுவந்து ஐஸ்கிரீமைச் சுற்றி அடுக்கினான். மீனுக்கு வேறு ஐஸ் வாங்கி வரத்தான் கிளம்பினான். அதற்குள் போட்டோக்காரன் வந்து, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று இவனையும் ஆஸ்லினையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்விட்டான். அங்கே போனதும் மீன் மறந்துபோனது. வறுக்கும்வரை அத்தனை மீனும் அந்த வெயிலில் கிடந்தது. தங்கள் இரண்டு பேருக்கும் நோய் வராததற்குக் காரணம், போட்டோ எடுத்து முடித்து வரும்போது வறுவல் தீர்ந்திருந்ததுதான்.

தகப்பன் யேசுதாஸிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினான். ஐஸ் இல்லாமல் கிடந்தது என்று மட்டும்தான் எழுதுவேன், யார் எடுத்தது என்பது எனக்குத் தேவையில்லை என்றாள் நாகலெட்சுமி. ஆனால் யாராவது நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை மாலை பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை இரண்டு வீட்டாரையும் கூட்டினார். நடுவில் பாதை விட்டு, மாப்பிள்ளை வீடு ஒரு பக்கமும் பெண் வீடு ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். கோவித்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இது சொந்த வழக்கு மாதிரி ஆகிவிட்டது. நாகலெட்சுமி சாக்பீஸ் எடுத்துப் பலகையில் வரைந்து காட்டினாள். யார் பெயரும் சொல்லாமல், இத்தனை பேர் இன்னது சாப்பிட்டார்கள், இத்தனை பேருக்கு வந்தது என்று விளக்கினாள். ஐஸ்கிரீமில் குற்றமில்லை என்றதும் பெண் வீட்டார் பக்கம் ஒரு அலை எழுந்தது. லீமாரோஸ் கழுத்துச் சாவியை எடுத்து வெளியே தெரியும்படி விட்டுக்கொண்டாள். நோய் மீனிலிருந்து வந்தது, ஆனால் அது கெட்ட மீனில்லை, நாற்றமும் வராது, கண்ணும் மங்காது, வறுத்தாலும் போகாது, எப்பேர்ப்பட்ட மீனவராலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சில மணி நேரம் ஐஸ் இல்லாமல் இருந்தாலே போதும் என்றாள்.

யேசுதாஸ் எழுந்தார்.

"என் மீனு ஐஸ்லதான் இருந்துச்சு."

"மத்தியானம் வரைக்கும் இருந்துச்சுண்ணே."

"பெறகு?"

நாகலெட்சுமி கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஆன்டோ காலரை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

"நான்தான் அய்யா எடுத்தேன். ஐஸ்கிரீம் உருகிருச்சு. அத்தை சத்தம் போட்டாக."

யேசுதாஸ் மகன் பக்கம் திரும்பினார். மீனை வெயிலில் போட்டுவிட்டு ஐஸ்கிரீமைக் காப்பாற்றிய மீனவனை அந்தக் கரை இதுவரை பார்த்ததில்லை என்றும், இதைக் கேட்கவா நான் உயிரோடு இருக்கிறேன் என்றும் ஆரம்பித்தார். எல்லாரும் லீமாரோஸைப் பார்த்தார்கள். அவளும் எழுந்தாள். இத்தோடு கல்யாணம் முடிந்தது என்றுதான் பங்குத்தந்தை உட்பட எல்லாரும் நினைத்தார்கள்.

"எனக்காகவா எடுத்தீங்க மாப்பிள்ளை?" என்றாள்.

ஆன்டோ தலையை ஆட்டினான். லீமாரோஸ் யேசுதாஸ் பக்கம் திரும்பி, ஊர் பார்க்க இப்படிப் பெற்ற பிள்ளையைப் பேசலாமா, பெரியவர்கள் மனம் அறிந்து நடந்த பிள்ளையல்லவா அது என்று கேட்டாள். அதன்பிறகு நடந்த சண்டையில் யார் எந்தப் பக்கம் என்று நாகலெட்சுமிக்குப் பிடிபடவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்காக வாதாடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையைத் திட்டினார்கள். எல்லார் கண்ணும் ஆன்டோ மேலேயே இருந்ததை ஸ்டனிஸ்லாஸால் பொறுக்க முடியவில்லை. மேடையில் ஏறிவிட்டார்.

"இந்தக் கேஸு வெளங்குனதே என்னாலதான். மீனை மட்டும் தின்ன ஒரே ஆளு நான்தான். மேடத்தைக் கேளுங்க."

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாயே என்று அவர் அக்காள் கீழேயிருந்து கேட்டாள். தண்ணீர் குடிக்கவில்லைதான், அது இப்போதும் உண்மைதான் என்றார். மண்டபம் சிரித்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். சிரித்தாலும் எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு நாளும் ஆஸ்லினிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாகலெட்சுமியும் கேட்டிருக்கவில்லை. போட்டோ எடுக்கப் போனவள், எதையும் சாப்பிடாதவள் என்று கணக்கிலிருந்து கழித்து வைத்திருந்தாள். அவள் இப்போது பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஃபாதர், நாளைக்கு ஓலையை வாசிச்சிருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. சண்டை போட்டவர்களுக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நாகலெட்சுமி ரிப்போர்ட்டோடு துணை இயக்குநர் முன்னால் நின்றாள். அவர் நிதானமாகப் படித்தார். வரைபடங்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட 'விருந்தில் பகுதியளவு உணவருந்தியோர்' யார் என்று கேட்டார்.

"கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சவங்க சார்."

அவர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். சென்னைக்கு இதை எப்படி அனுப்புவது என்று கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். போன வருஷம் கடலாடியில் தன் தம்பி மகன் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். பத்திரிகையில் தன் பெயரை யாருக்குக் கீழே போட்டார்கள், மேடையில் மாலையை யாரிடம் முதலில் நீட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கு நேற்று நடந்ததுபோல் நினைவிருந்தது. வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை என்றார். வெளியே ஃபைல்களோடு காத்திருந்தவர்கள் இரண்டு தரம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாகலெட்சுமி பேனாவின் மூடியைத் திறந்துவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

"எந்த ஐட்டம் வரைக்கும் சாப்பிட்டீங்க சார்?"

துணை இயக்குநர் மோட்டுவளையைப் பார்த்து உண்மையாகவே யோசித்தார்.

"ரசம் வரைக்கும்" என்றார். பிறகு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.